மைசூரில் வீட்டுச் சாப்பாடு தேடும் நம்மவர்கள்

பிழைப்புத் தேடி ஊர் விட்டு ஊர் வந்தவனுக்கு முதல் வாரம் தங்க இடம் கிடைப்பதுதான் கவலை. அது தீர்ந்ததும் சாப்பாட்டுக் கவலை வந்துவிடும். இந்த இரண்டாவது கவலை லேசில் தீராது. அறைக்கு மாதம் ஒரு முறை வாடகை கொடுத்தால் போதும். வயிறு தினம் மூன்று முறை வாடகை கேட்கிறது!

மைசூரில் இருக்கும் நம்மவர்கள் பல ஊர்க்காரர்கள். திம்பம் மலைப்பாதை வழியே பஸ்சில் வந்த சத்தியமங்கலம், ஈரோட்டுக்காரர்கள் உண்டு. தூத்துக்குடி எக்ஸ்பிரசில் மூட்டை முடிச்சோடு வந்து இறங்கிய மதுரை, கோவில்பட்டிக்காரர்கள் உண்டு. காவிரி எக்ஸ்பிரசில் வந்த சென்னைக்காரர்களும் உண்டு. அசோகபுரம் ரெயில்வே பட்டறை, ஹெப்பாள், மேட்டகள்ளி தொழிற்பேட்டைகள், நஞ்சன்கூடு ஆலைகள், வங்கிகள், மத்திய அரசு அலுவலகங்கள் என்று வேலை பார்க்கும் இடங்களும் பல. ஆனால் குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டுத் தனியாக இருக்கும் எல்லோருக்கும் கேள்வி ஒன்றுதான்: "வீட்டுச் சாப்பாடு மாதிரி எங்கே கிடைக்கும்?"

ஓட்டலுக்குப் பஞ்சமில்லாத ஊர் மைசூர். நசர்பாத்தில் மைலாரி ஓட்டலின் வெண்ணெய் மணக்கும் மெத்து மெத்தென்ற தோசை. மண்டி மொஹல்லாவில் ஹனுமந்து ஓட்டலின் ஆட்டுக்கறிப் புலாவ். காந்தி சதுக்கம் பக்கம் ஆர்.ஆர்.ஆர். ஓட்டலில் வாழை இலை போட்டு ஆந்திரச் சாப்பாடு. தேவராஜா மார்க்கெட் ஓரமாகப் போனால், அரண்மனைச் சமையல்காரர் காகாசுர மாதப்பாவின் வழி வந்தவர்கள் நடத்தும் குரு சுவீட்சில் மைசூர்பாகு. ஊரிலிருந்து மாமனார் வந்தால் இதையெல்லாம் வாங்கிக் கொடுத்துப் பெருமைப்படலாம். அதற்காகத் தினம் மைசூர்பாகு தின்றுவிட்டு வேலைக்குப் போக முடியுமா?

தினமும் வேண்டியது சோறு, குழம்பு, ரசம், மோர். அங்கேதான் இடிக்கிறது.

சாம்பாரில் வெல்லம்

முதல் புகார் சாம்பார். "பாயசத்தில் பருப்பைப் போட்டுவிட்டார்களோ?" என்று புதிதாக வந்தவர்கள் கேட்காமல் இருப்பதில்லை.

இங்கே வீடுகளில் சாம்பாருக்கு 'ஹுளி' என்று பெயர். நம் புளிதான் கன்னடத்தில் ஹுளி ஆயிற்று. பால் ஹாலு ஆனது போல. புளிப்பின் கூர்மையை மட்டுப்படுத்த ஒரு துண்டு வெல்லம் போடுவது இவர்கள் வழக்கம். தேங்காயும் அரைத்து விடுவார்கள். மிளகாயும் வேறு. இங்கே புழங்கும் பேடகி மிளகாய் நிறத்தை அள்ளிக் கொட்டும், உறைப்பு குறைவு. ராமநாதபுரம் முண்டு வற்றலுக்குப் பழகிய நாக்கு, அந்தச் சிவப்பைப் பார்த்து முதலில் நடுங்கும். வாயில் வைத்ததும் ஏமாந்து போகும்.

ரசத்துக்குப் பெயர் 'சாரு'. நம் சாறுதான். தமிழ்நாட்டு ஓட்டல்களில் வறுத்து அரைத்த தேங்காயோடு 'மைசூர் ரசம்' என்று தனிப் பெயர் வைத்து ஊற்றுகிறார்களே, அது இங்கே வெறும் சாரு. (மைசூர்ப் பருப்பைத் தேடி யாரும் மைசூருக்கு வர வேண்டாம். மசூர் என்ற வடநாட்டுப் பெயர் நம் வாயில் புகுந்து மைசூர் ஆகிவிட்டது. அவ்வளவுதான்.)

இந்தச் சமையலை ஒரேயடியாகக் குறை சொல்வதற்கு முன் ஒன்றை நினைத்துப் பார்க்க வேண்டும். 'நம் ஊர் ஓட்டல் சாப்பாடு' என்று நாம் தமிழ்நாட்டில் சாப்பிட்டு வளர்ந்ததில் கணிசமான பங்கு உடுப்பிப் பக்கத்துக்காரர்கள் கொண்டுவந்தது. கிருஷ்ணா ராவ் சென்னையில் உட்லண்ட்ஸ் ஓட்டலைத் தொடங்கியது 1938இல். தாசப்பிரகாஷ் சீதாராம ராவ் முதலில் கடை போட்டது 1921இல், இதே மைசூரில். சென்னைக்குப் போனது பிறகுதான். அவர்களும் நம்மைப் போலப் பிழைப்புத் தேடி ஊர் மாறியவர்களே. போன ஊரின் நாக்குக்குத் தக்கபடி கைப்பக்குவத்தை மாற்றிக்கொண்டார்கள். நாமும் அதை நம்முடையது என்று ஏற்றுக்கொண்டோம்.

அரிசிதான் பெரிய வித்தியாசம்

வெல்லத்துக்கு ஒரு மாதத்தில் நாக்கு பழகிவிடும். அரிசிக்கு வயிறு அவ்வளவு சீக்கிரம் பழகாது. பலர் கவனிக்காத விஷயம் இது.

பழைய மைசூர்ப் பகுதியில் சாப்பாட்டுக்குப் பச்சரிசிதான். நம் ஊரில் பெரும்பாலான வீடுகளில் பொங்கலுக்கும் விரதத்துக்கும் பச்சரிசி. மற்ற நாளெல்லாம் புழுங்கல். புழுங்கல் சோறு உதிரியாக நிற்கும். இரண்டாவது முறை குழம்பு ஊற்றினாலும் தாங்கும். பச்சரிசிச் சோறு இளகிக் குழையும். மூட்டை தூக்குகிறவர்களும் இயந்திரத்தின் முன் எட்டு மணி நேரம் நிற்கிறவர்களும், "சாப்பிட்ட கையோடு மறுபடி பசிக்கிறது" என்று அலுத்துக்கொள்வார்கள். பழக்க தோஷம் என்று அதைத் தள்ளிவிட முடியாது. நெல்லை ஊற வைத்து அவிக்கும்போது தவிட்டில் உள்ள பி1 வைட்டமின் அரிசிக்குள் இறங்குகிறது. பிறகு ஆலையில் தீட்டினாலும் அதில் ஒரு பகுதி உள்ளேயே தங்கிவிடுகிறது. நன்றாகத் தீட்டிய பச்சரிசியில் அது தவிட்டோடு போய்விடும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. புழுங்கல் அரிசிக்குப் பெரிய உபகாரம் செய்த நிறுவனம் இந்த மைசூரில்தான் இருக்கிறது. செலுவாம்பா மாளிகையில் 1950இல் தொடங்கிய மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தைச் சொல்கிறோம். முன்பெல்லாம் நெல்லைக் குளிர்ந்த தண்ணீரில் இரண்டு, மூன்று நாள் ஊறப் போடுவார்கள். தண்ணீர் புளித்து நாற்றம் எடுக்கும். அந்த வாடை தட்டில் சோறாக வந்த பிறகும் போகாது. ஏறக்குறைய 70 டிகிரி வெந்நீரில் மூன்று, நான்கு மணி நேரத்தில் நெல்லை ஊற வைக்கும் முறையை இந்த நிலையம் வகுத்துக் கொடுத்தது. புழுங்கல் அரிசி ஆலைகளுக்கு அது பெரிய உதவி. வாடை இல்லாத புழுங்கல் அரிசிக்கு வழி சொன்ன ஊரில், நாம் ஒரு பிடி புழுங்கல் சோற்றுக்கு அலைகிறோம்!

அறையில் சமைக்கிறவர்களுக்கு ஒரு தகவல். மளிகைக் கடையில் 'குச்சலக்கி' என்று கேளுங்கள். மங்களூர், உடுப்பிக்காரர்கள் சாப்பிடும் புழுங்கல் அரிசி அது. பெரும்பாலும் தடித்த, சிவந்த ரகமாக இருக்கும். பொன்னி மாதிரி மெலிதாக வேண்டும் என்றால் சோனா மசூரியில் 'ஸ்டீம் ரைஸ்' கேட்டு வாங்கலாம். அது முழுப் புழுங்கல் ஆகாது. ஆனாலும் உதிரியாக வரும்.

பெயர்ப் பலகையை நம்பலாமா?

புதிதாக வந்தவர்கள் முதலில் தேடுவது 'தமிழ்நாடு சாப்பாடு', 'செட்டிநாடு' என்ற பலகைகளை. உள்ளே போய் உட்கார்ந்தால் பல இடங்களில் நிறப்பொடி போட்ட குழம்பு, மேலே ஒரு விரற்கடை எண்ணெய், எதைத் தின்றாலும் ஒரே மசாலா. காரைக்குடியில் எந்த வீட்டில் தினமும் இப்படிச் சமைக்கிறார்கள்? செட்டிநாட்டு வீட்டில் அரிசி கழுவிய தண்ணீரில் வைக்கும் மண்டியும், கீரை மசியலும் அன்றாடச் சமையல். அதை எந்தச் 'செட்டிநாடு' ஓட்டல் போடுகிறது? ஊர்ப் பெயரை நம்பி ஒரு மாதம் சாப்பிட்டால், மிஞ்சுவது நெஞ்செரிச்சலும் மருந்துக்கடைக் கணக்கும்தான்.

தமிழ் எழுத்தைத் தேடி அலைவதிலும் பயன் இல்லை. கடைப் பலகைகளில் 60 சதவீதம் கன்னடம் இருக்க வேண்டும் என்று கர்நாடகத்தில் 2024இல் சட்டமே வந்துவிட்டது. தவிர, நல்ல மெஸ் பலவற்றுக்குப் பலகையே இருக்காது. மாடிப்படி ஓரம் பத்துப் பதினைந்து ஜோடி செருப்பு கிடக்கும். தாளிக்கிற வாசனை தெருவுக்கு வரும். அதுதான் பலகை.

ஓட்டலுக்கும் வீட்டுக்கும் உள்ள வித்தியாசம் கைப்பக்குவத்தில் மட்டும் இல்லை. ஓட்டலில் சமைப்பவருக்கு, சாப்பிட வரப்போகிறவர் யார் என்று தெரியாது. யார் வந்தாலும் ஒரு பிடி பிடிக்க வேண்டும் என்று மசாலாவையும் எண்ணெயையும் தூக்கலாகப் போடுகிறார். நாற்பது பண்டம் எழுதி வைக்கிறார். எது விற்கும், எது மிஞ்சும் என்று அவருக்கே தெரியாது. மிஞ்சியது எங்கே போகும் என்று நாம் கேட்காமல் இருப்பது நல்லது.

வீட்டில் அப்படி இல்லை. எத்தனை இலை, யாருக்கு உறைப்பு ஆகாது, யாருக்குக் கத்தரிக்காய் சேராது என்று தெரிந்துதான் உலை வைக்கிறார்கள். மெஸ் என்பது இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்பது. மாதக் கணக்கில் முப்பது, நாற்பது பேர். நேற்று வந்தவரேதான் இன்றும் வருவார், நாளையும் வருவார். நேற்றுப் போட்ட பொரியலை இன்றும் போட்டால், "என்ன மாமி, மார்க்கெட்டில் வேறு காயே இல்லையா?" என்று முகத்துக்கு நேரே கேட்பார். சாம்பார் கெட்டுப் போயிருந்தால் முப்பது பேரும் ஒரே நாளில் கணக்கு முடித்துக்கொண்டு போய்விடுவார்கள். மெஸ் சாப்பாட்டை ஒழுங்காக வைத்திருப்பது இந்தப் பயம்தான்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

ஞாயிற்றுக்கிழமை மதியம் போய்ப் பார்க்காதீர்கள். அன்றைக்கு எங்கேயும் வடை பாயசம் இருக்கும். செவ்வாய் அல்லது புதன் இரவு எட்டரை மணிக்குப் போங்கள். கூட்டம் கரைந்து, பாத்திரம் அடி தெரிகிற நேரம். அப்போதும் ரசம் ரசமாக இருந்தால் நம்பலாம். காலையில் வைத்த ரசத்தை அடுப்பிலேயே போட்டுக் கொதிக்க விட்டால் மாலைக்குள் மணம் போய், அடியில் கசப்புத் தட்டும். எத்தனை கொத்துமல்லி தூவினாலும் அது மறையாது.

அடுத்தது கீரை. கீரையை ஆய்வதற்கு ஆள் வேண்டும், நேரம் வேண்டும், லாபம் கிடையாது. ஆகவே பெரிய ஓட்டல்காரர்கள் அந்தப் பக்கமே போவதில்லை. தேவராஜா மார்க்கெட்டில் விதம் விதமான 'சொப்பு' கட்டுக் கட்டாகக் கிடக்கிறது. வாரத்தில் இரண்டு நாளாவது அது இலைக்கு வருகிறதா என்று பாருங்கள். வருகிறது என்றால் அங்கே யாரோ உட்கார்ந்து உங்களுக்காகக் கீரை ஆய்கிறார்கள் என்று அர்த்தம்.

சாப்பிடுகிறவர்களையும் கவனியுங்கள். அலமாரியில் சொந்த ஊறுகாய் பாட்டிலும் பொடி டப்பாவும் பெயர் எழுதி வைத்திருக்கும் பழைய ஆட்கள் இருந்தால், அந்த இடத்தைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம். வீட்டுக்காரர் குழந்தைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து அதே பாத்திரத்திலிருந்து போட்டுச் சாப்பிடுகிறார்களா? அதைவிட நல்ல சான்றிதழ் கிடையாது.

பணக் கணக்கும் முக்கியம். ஒரு வேளைச் சாப்பாடு 80 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலே, இரண்டு வேளைக்கு மாதம் 4,800 ரூபாய். காலை டிபன், காபிக்கு 60 ரூபாய் என்றால் இன்னொரு 1,800. ஊருக்கு அனுப்ப வேண்டியதில் பெரிய துண்டு விழுகிறது. ஆகவே மெஸ்சில் சேரும் முன் ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள்: ஊருக்குப் போகும் நாட்களைக் கணக்கில் கழிப்பார்களா? சிலர் முதல் நாளே சொன்னால் கழிப்பார்கள். சிலர் மூன்று நாளுக்கு மேல் போனால்தான் கழிப்பார்கள். தீபாவளி, பொங்கல் மாதங்களில் இதனால் வரும் தகராறுகள் அநேகம். முதல் தடவையே முழு மாதப் பணத்தையும் கட்டிவிடவும் வேண்டாம். பத்து நாள் கணக்கு வைத்துப் பாருங்கள்.

மாதக் கடைசியில் கை கொடுக்க இந்திரா கேன்டீன் இருக்கிறது. 2017இல் இந்தத் திட்டம் தொடங்கியபோது டிபன் 5 ரூபாய், சாப்பாடு 10 ரூபாய். சென்னையில் 2013இல் வந்த அம்மா உணவகத்தைப் பார்த்துச் செய்தது. அங்கே வீட்டு ருசியை எதிர்பார்க்கக் கூடாது. சூடாகக் கிடைக்கும், கௌரவமாகச் சாப்பிடலாம்.

கன்னட வீட்டுச் சோறு

தமிழர் நடத்தும் மெஸ்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்க வேண்டியதில்லை என்பது எங்கள் கருத்து. கன்னடக்காரர் வீட்டில் முப்பது பேருக்குச் சமைத்துப் போடும் இடத்தில் சாரு, ஹுளி, ஒரு பல்யா, வெள்ளரிக்காயும் பாசிப்பருப்பும் கலந்த கோசம்பரி, கடைசியில் மஜ்ஜிகே. பெயரை மாற்றிப் பாருங்கள்: ரசம், சாம்பார், பொரியல், மோர். எண்ணெய் மிதக்கும் 'தமிழ்நாடு' ஓட்டல் குழம்பைவிட இது நம் வீட்டுக்கு எவ்வளவோ பக்கம். "ஊட்டா ஆயித்தா?" என்று வழியில் பார்ப்பவரெல்லாம் கேட்கும் ஊர் இது. "சாப்பிட்டாச்சா?" என்று கேட்கும் நம் ஊரிலிருந்து அதிக தூரம் வந்துவிடவில்லை.

முத்தேயைப் பார்த்து முகம் சுளிக்கும் சென்னைக்காரர்கள், பக்கத்து இலையில் உட்கார்ந்திருக்கும் தருமபுரிக்காரரைப் பார்க்க வேண்டும். அவருக்கு அது பிறந்ததிலிருந்து தின்ற களி உருண்டை. கொள்ளேகால் தாலுகா 1956 வரை கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. எல்லைக் கோடு மாறியதற்காக அந்த ஊர் அடுப்பில் வேறு உலை ஏறவில்லை.

இன்னும் பழைய கதை மேல்கோட்டையில் இருக்கிறது. 12ஆம் நூற்றாண்டில் சோழ நாட்டிலிருந்து ராமானுஜர் வந்து தங்கிய ஊர். அந்தப் பக்கத்து அய்யங்கார் வீடுகளில் கன்னடம் கலந்த ஒரு தமிழ் பேசுகிறார்கள். ரசத்தைச் சாத்தமுது என்கிறார்கள். அவர்களுடைய புளியோதரை இங்கே 'புளியோகரே' ஆயிற்று. வெல்லமும் கொப்பரையும் எள்ளும் சேர்ந்து கறுத்த, அருமையான பண்டம். 'எங்கள் ஊர்ப் புளியோதரை இப்படி இருக்காது' என்று சொல்லலாம். எண்ணூறு வருஷத்துக்கு மேல் பிழைத்து நிற்கும் ஒரு கைப்பக்குவத்தைப் பார்த்து அப்படிச் சொல்ல நமக்கு வாய் வரவில்லை.

இத்தாலிக்காரன் கதை

இந்தச் சங்கடம் நமக்கு மட்டும் வந்ததல்ல. கோகுலம் பகுதிக்குப் போனால் வெளிநாட்டுக்காரர்களைக் கூட்டமாகப் பார்க்கலாம். பட்டாபி ஜோயிசின் யோகாசனப் பயிற்சி நிலையம் 2002இல் அங்கே வந்த பிறகு, மாதக் கணக்கில் தங்கிப் பயில்கிறவர்கள் அவர்கள். இட்லியை இரண்டு வாரம் ரசித்துச் சாப்பிட்டுவிட்டு, மூன்றாவது வாரம் தங்கள் ஊர் ரொட்டிக்கும் பாலாடைக்கட்டிக்கும் ஏங்க ஆரம்பித்துவிடுவார்கள்.

சாப்பாட்டு விஷயத்தில் நம்மைவிடப் பிடிவாதக்காரர்கள் இத்தாலியர்கள். அவர்கள் ஊரில் 'டிராட்டோரியா' என்று சின்னச் சாப்பாட்டுக் கடைகள் உண்டு. குடும்பமே நடத்தும். அன்றைக்குச் சந்தையில் கிடைத்ததை வைத்து நாலைந்து பண்டம், அவ்வளவுதான். கிட்டத்தட்ட நம் மெஸ்.

1880 முதல் 1920 வரை ஏறக்குறைய 40 லட்சம் இத்தாலியர் அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போனார்கள். தெற்கு இத்தாலியின் ஏழை விவசாயிகள்தான் அதிகம். ஆண்கள் பலர் தனியாகப் போனார்கள். முன்பே குடியேறிய ஏதாவது ஓர் இத்தாலியக் குடும்பத்தில் இடம் பிடித்து, அந்த வீட்டுப் பெண் சமைத்துப் போட்டதைச் சாப்பிட்டு, சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஊருக்கு அனுப்பினார்கள். கேட்ட கதையாக இருக்கிறதா?

அவர்கள் சொந்த ஊரில் இறைச்சி அபூர்வம். அமெரிக்காவில் மலிவு. ஆகவே இறைச்சி உருண்டை பெரிதாகி, 'ஸ்பகெட்டி' என்ற நூல் நூலான மாவுப் பண்டத்தின் மேல் ஏறி உட்கார்ந்தது. இத்தாலியில் அந்த இரண்டையும் அப்படிச் சேர்த்துச் சாப்பிடும் வழக்கம் இல்லை. இத்தாலியிலிருந்து புதிதாக வருகிறவர் அதைத் தங்கள் ஊர்ச் சாப்பாடு என்று ஒப்புக்கொள்ள மாட்டார். அமெரிக்காவில் பிறந்த பேரனுக்கோ, அதுதான் பாட்டி கைச்சோறு.

மைசூரில் பிறந்து வளரும் நம் பிள்ளைகளுக்கும் இது நடந்துகொண்டிருக்கிறது. கோடை விடுமுறையில் ஊருக்குக் கூட்டிப் போனால், ஆச்சி வைத்த சாம்பாரை ஒரு வாய் வைத்துவிட்டு, "ஏன் இவ்வளவு புளிக்குது?" என்று கேட்கிறார்கள். ஆச்சிக்கு மனசு சங்கடப்படத்தான் செய்யும். பிள்ளையிடம் கோபித்து என்ன பயன்?

வீடு தேடி வரும் சாப்பாடு

மெஸ் நடத்துவது இப்போது சுலபமான காரியம் இல்லை. வாடகை ஏறிவிட்டது. பாத்திரம் தேய்க்க ஆள் கிடைப்பதில்லை. செல்போனில் விரலால் தொட்டால் பிரியாணி வாசலுக்கு வருகிற காலத்தில், தினம் மூக்கைப் பிடித்துக்கொண்டு சுரைக்காய்க் கூட்டு சாப்பிட இளைஞர்கள் தயாராக இல்லை.

ஆனால் இன்னொரு வழி திறந்திருக்கிறது. வீட்டில் இருந்தபடியே பத்துப் பேர், பதினைந்து பேருக்குச் சமைத்து, கேரியரில் அனுப்பும் பெண்கள். வேலைக்குப் போக முடியாத குடும்பப் பெண்களுக்கு இது நல்ல வருமானம். சாப்பிடுகிறவருக்கு இதைவிட வீட்டுச் சாப்பாடு எங்கே கிடைக்கும்? ஒரே அலுவலகத்தில், ஒரே பட்டறையில் இருக்கும் நம்மவர்கள் ஐந்தாறு பேர் சேர்ந்து ஒரு வீட்டைப் பிடித்தால் இரண்டு தரப்புக்கும் கட்டுப்படியாகும். வீட்டிலிருந்து விற்பவரும் 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி பதிவு செய்துகொள்ள வேண்டும். பதிவு எண் 14 இலக்கம் கொண்டது. கேட்டால் சொல்ல வேண்டும். கேட்பதில் தவறில்லை. உங்கள் ஊர் அரிசியை வாங்கிக் கொடுத்து, "இதிலேயே வடித்துக் கொடுங்கள் அக்கா" என்று கேட்கவும் இங்கே இடம் உண்டு. எந்த ஓட்டலில் அது நடக்கும்?

ஞாயிறு இரவு மட்டும் பெரும்பாலான மெஸ்களில் அடுப்பு எரியாது. கேரியரும் வராது. சமைக்கிறவருக்கும் ஒரு நாள் ஓய்வு வேண்டுமே! அன்றைக்கு ஊரிலிருந்து வந்த பருப்புப் பொடியும் நல்லெண்ணெயும் அறையில் இருந்தால், சோறு மட்டும் வைத்துக்கொண்டால் போதும். பொடி தீர்ந்துபோயிருந்தால், வெள்ளிக்கிழமை தூத்துக்குடி எக்ஸ்பிரசில் ஊருக்குப் போகிற பக்கத்து அறைக்காரரிடம் காலி டப்பாவை முன்கூட்டியே கொடுத்து வையுங்கள்.